விரையில் கட்டி என்றால்: ஒரு வர்க்கிக்காரன் சொல்லும் வழி

குன்னூரில் எங்கள் விறகடுப்பில் தினமும் இரண்டு மூட்டை மைதா, வர்க்கி என்ற மொறுமொறு பிஸ்கட்டாக வெந்து வெளியே வருகிறது. வாழைப்பழமும் ரவையும் சர்க்கரையும் சேர்த்துப் புளிக்கவைத்த ‘மாவா’வைக் கலந்து பிசையும்போது, உள்ளே கரையாத வனஸ்பதிக் கட்டி ஒன்று ஒளிந்திருந்தாலும் என் விரல் பிடித்துவிடும். 14 வயதில் பழகிய விரல். அப்படிப்பட்ட விரலை வைத்துக்கொண்டு, என் வலது விரையில் இருந்த கட்டியை 4 மாதம் ஒன்றுமில்லை என்று சொல்லித் திரிந்தேன். அப்போது எனக்கு வயது 29. இப்போது 41. அந்தக் கட்டி புற்றுநோய். உங்களில் யாருக்காவது அப்படி ஒன்று தட்டுப்பட்டால் என்ன செய்வது, எந்த அளவுக்குப் பயப்படுவது என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மருத்துவர்கள் விந்தகம் என்பார்கள், எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் விதை என்பார்கள். எந்தப் பெயரானாலும் சரி, மருத்துவர் முன்னால் உட்கார்ந்து வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ‘கீழே கொஞ்சம் பிரச்சினை’ என்று சொன்னால் மூல வியாதிக்கு மருந்து எழுதிவிடுவார்கள். எனக்கு எழுதினார்கள்.

தொட்டுப் பார்ப்பது

மலையில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. குளிரில் விதைப்பை சுருங்கி, விரைகள் மேலேறிக்கொள்ளும். டிசம்பர் காலையில் தடவிப் பார்த்தால் எதுவும் பிடிபடாது. வெந்நீரில் குளித்து முடித்ததும், தோல் தளர்ந்திருக்கும்போது பாருங்கள். கட்டைவிரல் மேலேயும் மற்ற இரண்டு விரல்கள் கீழேயுமாக ஒவ்வொரு விரையையும் மெதுவாக உருட்ட வேண்டும். உரித்த முட்டையைப் போல வழுவழுப்பாக, சற்றே கெட்டியாக இருந்தால் சரி. பின்பக்கம் கயிறு போல மெத்தென்று ஒன்று தட்டுப்படும். அது எல்லாருக்கும் இருப்பது, பயப்பட வேண்டாம். ஒன்று சற்றுத் தாழ்ந்து தொங்குவதும், ஒன்று கொஞ்சம் பெரிதாக இருப்பதும் இயல்புதான்.

கவலைப்பட வேண்டியது விரையின் மேலேயே, அதன் சதையிலேயே இருக்கும் கெட்டியான கட்டி. என்னுடையது, வேகாத ஊட்டிப் பட்டாணி ஒன்றை அவித்த முட்டைக்குள் புதைத்து வைத்தது போல இருந்தது. அழுத்தினாலும் வலிக்கவில்லை. அந்த வலியின்மைதான் என்னை ஏமாற்றியது. கட்டியே தட்டுப்படாமல் ஒரு பக்கம் மட்டும் கனப்பதும், வீங்குவதும், அடிவயிற்றில் மந்தமான வலி இருப்பதும் கூட இதன் அறிகுறிகள்தாம்.

மாதம் தவறாமல் விரதம் போல இதைச் செய்யுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். வழக்கமாக எப்படி இருக்கும் என்று உங்கள் விரலுக்குத் தெரிந்திருந்தால் போதும், மாறும்போது அதுவே சொல்லும். ஆனால் பிறக்கும்போது விரை இறங்காமல் இருந்தவர்களும், அப்பாவுக்கோ உடன்பிறந்த சகோதரனுக்கோ இந்த நோய் வந்தவர்களும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். இது அரிதான நோய். ஆனால் வந்தால் பெரும்பாலும் 15 வயதிலிருந்து 40 வயதுக்குள் வரும். ‘இந்த வயதில் புற்றுநோயா’ என்று நினைப்பதில் அர்த்தமே இல்லை, இதன் வயதே அதுதான்.

இன்னொன்று. திடீரென்று உயிர் போகிற மாதிரி வலித்து ஒரு பக்கம் வீங்கினால் அது பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. விரை முறுக்கிக்கொண்டு ரத்தம் போகாமல் நின்றிருக்கலாம். 6 மணி நேரத்துக்குள் அறுவை செய்தால்தான் விரை தப்பும். நடு இரவானாலும் வண்டியைப் பிடித்துக் கீழே இறங்குங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

நான் 4 மாதம் செய்தது

அம்மா ‘ஓதமாக இருக்கும்’ என்றார், அதாவது விதைப்பையில் நீர் கோப்பது. மருந்துக் கடையில் பத்து நாள் மாத்திரை கொடுத்தார்கள். நண்பன் ஒருவன் டார்ச் அடித்துப் பார்க்கச் சொன்னான். ஓதத்தில் நீர் இருப்பதால் வெளிச்சம் ஊடுருவும், கட்டியில் ஊடுருவாது. அவன் சொன்னது தவறில்லை. ஆனால் கட்டியைச் சுற்றியும் நீர் கோத்திருக்கலாம், எனவே டார்ச் வெளிச்சத்தை நம்பி வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். கடைசி மாதம் முதுகு வலித்தது. 50 கிலோ மூட்டை தூக்குகிறவனுக்கு முதுகு வலிக்காமல் என்ன செய்யும் என்று தைலம் தேய்த்துக்கொண்டேன். வயிற்றின் பின்புறம் நிணநீர் முடிச்சுகள் வீங்கி, முதுகெலும்பின் முன்னால் அழுத்திக்கொண்டிருந்தன என்பது பிறகுதான் தெரிந்தது.

செய்ய வேண்டியது எளிது. சிறுநீரக அறுவை மருத்துவரிடம், அதாவது யூராலஜிஸ்டிடம் போய், விதைப்பைக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கேளுங்கள். வலி கிடையாது, கால் மணி நேரம்தான். சந்தேகம் என்றால் ஏ.எஃப்.பி., பீட்டா எச்.சி.ஜி., எல்.டி.எச். என்று மூன்று ரத்தப் பரிசோதனைகள் எழுதுவார்கள். இந்தக் கட்டி இருந்தால் ரத்தத்தில் கூடக்கூடிய பொருள்களின் அளவைப் பார்ப்பவை இவை. இவற்றை அறுவைக்கு முன்பே எடுத்துவிட வேண்டும்.

கோவையில் ஓர் ஆய்வகத்தில் சீட்டைப் பார்த்த பையன், ‘அண்ணா, இது கர்ப்பம் பார்க்கிற டெஸ்ட், அண்ணியைக் கூட்டி வாருங்கள்’ என்றான். வரிசையில் பின்னால் நின்ற இரண்டு பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவன் சொன்னதில் பாதி உண்மை. கர்ப்பிணிக்கு இரண்டு கோடு காட்டுகிற ஹார்மோன் இதே எச்.சி.ஜி.தான். சில விரைக் கட்டிகளும் அதைச் சுரக்கும், அதனால் ஆணுக்கு மார்பு வீங்கி வலிப்பதும் உண்டு. எனக்கு வேண்டியதுதான் என்று இரண்டு முறை சொல்லி ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஒன்றுக்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். விதைப்பை வழியாக ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் வேறு மருத்துவரிடம் போங்கள். அப்படிக் குத்தினால் நோய் வேறு பாதையில் பரவ வழியாகும். முறையான வழி, கவட்டைக்கு மேலே அடிவயிற்றில் கீறி, விரையை முழுதாக எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவது. ஒன்று போனால் ஆண்மை போகும் என்பது வெறும் பயம். மற்றது நன்றாக இருந்தால் அதுவே போதும்.

எவ்வளவு தீவிரம் என்று அறிவது

சேதி பரவியதும் என் அத்தை வீட்டுக்கு வந்து, தெருவில் தொண்டைப் புற்றுநோயால் இறந்த பெரியவரின் கடைசி மாதங்களை எனக்கே விவரித்தார். அன்பாகத்தான் சொன்னார். அவர் போன பிறகு அறிக்கைகளை எடுத்து வைத்துக்கொண்டு மருத்துவரிடம் நான் மூன்று கேள்விகள் கேட்டேன். நீங்களும் இதையே கேளுங்கள்.

எந்த வகை? செமினோமா என்றால் பெரும்பாலும் மெதுவாகப் போவது, கதிர்வீச்சுக்கும் மருந்துக்கும் நன்றாக அடங்குவது. செமினோமா அல்லாதது கொஞ்சம் வேகமானது, அதுவும் மருந்துக்கு அடங்கும். ஏ.எஃப்.பி. கூடியிருந்தால் இரண்டாவது வகை என்றே வைத்துச் சிகிச்சை செய்வார்கள். என்னுடையது அதுதான்.

எதுவரை போயிருக்கிறது? விரையோடு நின்றால் முதல் நிலை. வயிற்றின் பின்புற நிணநீர் முடிச்சுகள் வரை என்றால் இரண்டாம் நிலை. நுரையீரல், அதற்கும் அப்பால் என்றால் மூன்றாம் நிலை. இந்த நோய்க்கு நான்காம் நிலை என்று ஒன்றே கிடையாது. ‘எத்தனையாவது ஸ்டேஜ்’ என்று கேட்டு, மூன்று என்றதும் முகம் மாறுகிறவர்களுக்கு இதைச் சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது. ரத்தப் பரிசோதனை எண் இறங்குகிறதா? விரையை எடுத்த பிறகு ஏ.எஃப்.பி. 5 முதல் 7 நாளில் பாதியாக வேண்டும். எச்.சி.ஜி. ஒன்றரை நாளுக்குள்ளேயே பாதியாகும். எனக்கு அறுவைக்கு முன் ஏ.எஃப்.பி. 640. மூன்று வாரத்தில் 80 பக்கம் வந்திருக்க வேண்டும். 290-ல் நின்றது. உள்ளே எங்கோ இன்னும் சுரக்கிறது என்று அர்த்தம். அப்போதே கீமோ உறுதியாகிவிட்டது.

இனி இந்த மூன்று கேள்விகளுக்கும் அடியில் ஒளிந்திருக்கும் கேள்வி, பிழைப்போமா? அமெரிக்கக் கணக்குப்படி, விரையோடு நின்றிருந்தால் 100-ல் 99 பேர் 5 ஆண்டுகளைத் தாண்டுகிறார்கள். பக்கத்து முடிச்சுகள் வரை என்றால் 96 பேர். தூரத்து உறுப்புகளுக்குப் போயிருந்தாலும் 70-க்கு மேல். கல்லீரல், எலும்பு, மூளை என்று போயிருந்தாலோ, எண்கள் பல ஆயிரங்களில் நின்றாலோ கணக்கு கடினமாகும். அங்கும் பாதிக்கு மேற்பட்டவர்கள் பிழைக்கிறார்கள். சைக்கிள் வீரர் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்குக்கு 1996-ல் நுரையீரலுக்கும் மூளைக்கும் போயிருந்தது. பிழைத்தார். ஊக்கமருந்து விவகாரத்தில் அவருடைய பட்டங்கள் பறிபோனது வேறு கதை.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. பரவிய பிறகு பத்தில் ஒருவர் தப்பினால் பெரிது என்ற காலம் இருந்தது. 1974-ல் இந்தியானா பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் ஐன்ஹார்ன் என்ற மருத்துவர் சிஸ்பிளாட்டின் என்ற மருந்தைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார். கதையே மாறிவிட்டது. பிளாட்டினத்திலிருந்து வருகிற மருந்து. என் மனைவியிடம் இதைச் சொன்னபோது, ‘தாலியில் தங்கம், உங்கள் ரத்தத்தில் பிளாட்டினமா’ என்றாள்.

மலையிலிருந்து சிகிச்சைக்குப் போவது

முதலில் விந்தணுச் சேமிப்பு. கீமோ தொடங்குவதற்கு முன்பே கோவையில் முடித்துவிடுங்கள். கூச்சமாக இருக்கும், ஒரு அரை மணி நேரம்தான். மருந்து விந்தணு உற்பத்தியை நிறுத்திவிடலாம். பலருக்குத் திரும்ப வரும், சிலருக்கு வராது. எனக்குத் திரும்பி வந்து, நான்காம் ஆண்டு மகள் பிறந்தாள். சேமித்ததற்கு அதற்குப் பிறகும் சில வருடம் கட்டணம் கட்டிக்கொண்டிருந்தேன்.

எனக்குக் கொடுத்தது பிளியோமைசின், எட்டோபோசைடு, சிஸ்பிளாட்டின். 21 நாளுக்கு ஒரு சுற்று, மொத்தம் 3 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் முதல் 5 நாள் தினமும் பாட்டில் பாட்டிலாகச் சலைன் ஏறும், சிறுநீரகத்தைக் காப்பாற்ற. பிளியோமைசின் வாரம் ஒரு முறை. அந்த 9 வாரமும் மலையேறாதீர்கள். முதல் சுற்று முடிந்து வீட்டுக்குக் கிளம்பிய அன்று, மலைப்பாதையில் பர்லியாறு தாண்டுவதற்குள் பையில் இருந்த பிளாஸ்டிக் உறைகள் எல்லாம் வாந்திக்கே தீர்ந்துவிட்டன. அந்தச் சாலையில் மழைக்காலத்தில் மண் சரியும், சில நேரம் யானை நிற்கும். கீமோ நாள்களில் காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டால் அப்போதே மருத்துவமனைக்குப் போயாக வேண்டும், வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும்போது கிருமி தொற்றினால் உயிருக்கே ஆபத்து. மீதி இரண்டு சுற்றையும் மேட்டுப்பாளையத்தில் சித்தி வீட்டில் கழித்தேன். நள்ளிரவில் ஒரு முறை ஓட வேண்டியும் வந்தது. மலையில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ.

செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் முதல் நாளே மருத்துவமனையில் காட்டுங்கள். இல்லாவிட்டால் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் விசாரியுங்கள்.

பீடி, சிகரெட் இருந்தால் அன்றோடு விடுங்கள். பிளியோமைசின் நுரையீரலைத் தாக்கும். நானே 6 மாதம் அடுப்பு பக்கம் போகவில்லை. பிற்காலத்தில் எந்த அறுவை நடந்தாலும், மயக்க மருத்துவரிடம் இந்த மருந்து ஏறிய உடம்பு என்று சொல்லிவிட வேண்டும்.

கடைசி ஸ்கேனில் வயிற்று முடிச்சுகள் ஒரு சென்டிமீட்டருக்கும் கீழே சுருங்கியிருந்தன, ஏ.எஃப்.பி. 4. முடிச்சு பெரிதாக மிஞ்சினால் இன்னோர் அறுவை செய்வார்கள், எனக்குத் தேவைப்படவில்லை. திரும்ப வருவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் 2 ஆண்டுகளுக்குள் வரும். அப்போது வந்தாலும் குணப்படுத்த வழி இருக்கிறது, ஆனால் சொன்ன தேதியில் ரத்தம் கொடுக்கப் போக வேண்டும். சீசன் வியாபாரம் என்று ஒரு முறை நான் தள்ளிப்போட்டேன். மருத்துவர் திட்டியது இன்னும் காதில் இருக்கிறது.

மிச்சம் இருப்பது விரல்கள்தான். நுனி மரத்திருக்கிறது. ஜனவரிக் குளிரில் வெளுத்துக் காகிதம் போலாகிவிடும், இந்த மருந்துகளின் வேலை. கையுறை இல்லாமல் காலையில் கடை திறப்பதில்லை. சூடான தட்டைத் தொட்டதே தெரியாமல் இரண்டு முறை சுட்டுக்கொண்டேன். மாவில் கட்டி பார்ப்பது இப்போது கடைப் பையனின் வேலை. அவனுக்கு வயது 22.

போன மாதம் அவன் இரண்டு நாள் என்னைச் சுற்றிச் சுற்றி வந்தான். மூன்றாம் நாள், ‘அண்ணா, நீங்கள் சொல்வீர்களே, அது மாதிரி ஒன்று’ என்று தொடங்கினான். அன்று மதியமே ஸ்கேனுக்கு அனுப்பினேன். விரைக்கு வெளியே, பின்பக்கக் குழாயில் சின்ன நீர்க்கட்டி. ஒன்றும் செய்ய வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஸ்கேன் பணத்தை நான் கொடுத்திருந்தேன். திரும்பி வந்து பஸ் டிக்கெட்டையும் நீட்டினான். அதையும் கொடுத்தேன்.