சாரணர் படைக்குக் கைகொடுக்கும் பெற்றோர் செய்யும் தவறுகள்

பள்ளி மைதானத்தில் வாரக் கூட்டம் நடக்கிறது. ரீஃப் முடிச்சு விழாமல் ஒரு பையன் திணறுகிறான். பக்கத்தில் நிற்கும் அப்பாவுக்குக் கை பரபரக்கிறது. "இங்க குடுப்பா, நான் கட்டித் தர்றேன்" என்று கயிற்றை வாங்கிவிடுகிறார். உதவ வரும் பெற்றோர் செய்யும் தவறுகளில் பெரியது இதுதான். மற்றவற்றில் பாதி இதன் கிளைகள்.

அந்த முடிச்சையே எடுத்துக்கொள்வோம். முதலில் வலதை இடதின்மேல் போட்டு ஒரு சுற்று, பிறகு இடதை வலதின்மேல் போட்டு ஒரு சுற்று. சரியாக விழுந்தால் இரு முனைகளும் அதனதன் கயிற்றோடு ஒட்டிப் படுத்துக்கொள்ளும். இரண்டு தடவையும் வலதையே மேலே போட்டால் முனைகள் குறுக்கே துருத்தி நிற்கும், இழுத்தால் நழுவும். அந்த நழுவலைப் பையன் தன் கையில் உணர வேண்டும். நீங்கள் சொல்ல வேண்டியது, "இழுத்துப் பாரு, நிக்குதா?" என்பது மட்டும். சொல்லிக்கொடுப்பது அவனுடைய அணித்தலைவன் வேலை. அவனுக்கும் தெரியாவிட்டால் சாரண ஆசிரியர் இருக்கிறார்.

ஆறு முதல் எட்டுப் பேர் ஓர் அணி, அதற்குப் பிள்ளைகளிலேயே ஒரு தலைவர். சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1907இல் இங்கிலாந்தின் பிரவுன்சி தீவில் நடத்திய முதல் முகாமிலேயே பையன்களை அணி அணியாகத்தான் பிரித்தார். பன்னிரண்டு வயது அணித்தலைவி கணக்கெடுக்கும்போது ஓர் அம்மா குறுக்கே புகுந்து "எல்லாரும் வரிசையா நில்லுங்க" என்று குரல் கொடுத்தால், அடுத்த வாரமும் பிள்ளைகள் அந்த அம்மாவின் முகத்தைத்தான் பார்ப்பார்கள். தலைவி பெயருக்கு நிற்பாள்.

சொந்தப் பிள்ளை இருக்கும் அணிக்கு நீங்கள் பொறுப்பேற்காதீர்கள். அந்தப் பிள்ளையின் தேர்வில் கையெழுத்துப் போடும் இடத்துக்கும் போகாதீர்கள். முறையாக உறுதிமொழி எடுக்காமல் சீருடை, ஸ்கார்ஃப் அணிவதும் வேண்டாம். சாதாரண உடையில் வந்தாலே உதவி நடக்கும். படையைத் தொடர்ந்து நடத்தும் எண்ணம் வந்தால், சாரண ஆசிரியர்களுக்கான அடிப்படைப் பயிற்சியில் (Basic Course) சேருங்கள்.

சமையலிலும் இதே கதைதான். முகாமில் அம்மாக்கள் சேர்ந்து முப்பது பேருக்கு ஒரே அண்டாவில் தக்காளி சாதம் கிளறிவிடுவார்கள். ருசியாகவே இருக்கும், ஆனால் பிள்ளைகள் வரிசையில் தட்டேந்தி நிற்பதோடு சரி. அணிக்கு அணி அடுப்பு வையுங்கள். எட்டுப் பேருக்கு ஒரு கிலோ அரிசி, கால் கிலோ துவரம்பருப்பு போதும். பாத்திரத்தை அடுப்பில் ஏற்றும் முன் வெளிப்புறம் முழுக்கச் சாம்பலும் மண்ணும் குழைத்துப் பூசச் சொன்னால் கரி அதில் பிடிக்கும், கழுவினால் வந்துவிடும். சாதம் குழைந்தாலும் அவர்கள் வடித்ததை அவர்கள் சாப்பிடட்டும். ஒவ்வோர் அடுப்புக்கும் ஒரு வாளித் தண்ணீர் எட்டும் தூரத்தில் இருக்கிறதா, நைலான் சட்டை போட்ட பிள்ளை தீப்பக்கம் போகிறதா என்று பார்ப்பது உங்கள் வேலை.

உங்கள் கை உண்மையில் தேவைப்படுவது மலையேற்றத்தில். மதுரைக்காரர்கள், சமணர் மலை, யானைமலை, அழகர்மலை எல்லாம் பக்கத்தில்தானே என்று காலை எட்டு மணிக்குக் கிளம்புகிறார்கள். அதுவே தவறு. மதுரையில் சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும், பாறை அதைவிடச் சுடும். அந்த மாதங்களில் மலையேற்றமே வேண்டாம். மற்ற மாதங்களில் ஆறு மணிக்கு ஏறத் தொடங்கி, ஒன்பதரைக்குள் கீழே வந்துவிட வேண்டும். ஒரு பிள்ளைக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். தாகம் எடுத்தபின் குடிக்கலாம் என்று விடாமல் இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை நிறுத்திக் குடிக்கச் சொல்லுங்கள். உப்பு சர்க்கரைக் கரைசல் கலக்கும்போது கண்ணளவு கூடாது: ஒரு லிட்டருக்குத் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடினால் கெடுதல். உடம்பு கொதித்து, பேச்சு குழறும் பிள்ளைக்கு வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறும். நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் நனைத்து விசிறிக்கொண்டே 108ஐ அழையுங்கள்.

செங்குத்துப் பாறை முகங்களில் மலைத்தேனீ கூடு கட்டும். கீழே புகை போட்டாலோ கல் எறிந்தாலோ கூட்டமே இறங்கிவிடும். முந்தின நாளே ஒருவர் போய்ப் பார்த்து வர வேண்டியது இதற்காகத்தான். அழகர்மலைக் காட்டுக்குள் போவதென்றால் வனத்துறை அனுமதி வாங்குங்கள், உள்ளே அடுப்பு மூட்டவே கூடாது. குரங்குகள் பையைப் பறிக்கும், தின்பண்டம் கையில் தெரியக் கூடாது. சமணர் மலைச் சிற்பங்களும் துறவிகளின் கற்படுக்கைகளும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. அங்கே ஒரு பிள்ளை கல்லில் பேர் கீறினால், நீங்கள் கவனிக்கவில்லை என்று அர்த்தம்.

சித்திரைத் திருவிழாவுக்குப் பிள்ளைகளைச் சேவைக்கு அழைத்துப்போவது நல்ல பழக்கம். ஆனால் கயிறு பிடித்துக் கூட்டத்தைத் தடுக்க அவர்களை நிறுத்தாதீர்கள். 2022இல் அழகர் வைகை ஆற்றில் இறங்கியபோது நெரிசலில் இரண்டு பேர் இறந்தார்கள். பெரியவர்களே மிதிபடும் இடம் அது. தண்ணீர்ப் பந்தல், காணாமல்போன குழந்தைகளை உட்காரவைக்கும் இடம் போன்றவையே அவர்களுக்குத் தோதானவை. அதுவும் இரண்டிரண்டு பேராக, இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகாமல். அழகர் இறங்கும் ஆழ்வார்புரம் பக்கம் அந்நேரத்தில் போன் எடுக்காது. ஆகவே பிரிந்துவிட்டால் எங்கே வந்து நிற்பது என்று முன்பே ஓர் இடத்தைக் காட்டிவையுங்கள். ஒவ்வொரு பிள்ளையின் சட்டைப்பையிலும் பெயரும் இரண்டு போன் எண்களும் எழுதிய அட்டை இருக்கட்டும்.

ஒரு விஷயத்தில் தாட்சண்யமே கூடாது. எவ்வளவு பழகியவரானாலும் எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது. வண்டியில் கொண்டுபோய் விடுவதும், முகாமில் காயத்துக்கு மருந்து போடுவதும் இன்னொரு பெரியவர் கண்ணெதிரில் நடக்க வேண்டும். பிள்ளைகள் கூடாரத்தில் பெரியவர்கள் படுக்கக் கூடாது. சாரணியர் முகாமில் பெண் பொறுப்பாளர் இரவும் இருக்க வேண்டும். பிள்ளைக்குத் தனியாக வாட்ஸ்அப் செய்தி அனுப்பாமல் பெற்றோர் இருக்கும் குழுவில் போடுங்கள். பிள்ளை ஏதாவது சொன்னால் "சும்மா இரு, படைக்குக் கெட்ட பேரு" என்று அமுக்குவது மாபெரும் தவறு. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி, தெரிந்தும் புகார் கொடுக்காமல் இருப்பதே குற்றம். குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு யார் வேண்டுமானாலும் அழைக்கலாம்.

பணம் பற்றி இரண்டே வார்த்தை. முகாம் கட்டணத்தைச் சொந்த ஜிபேயில் வாங்கி வீட்டுச் செலவோடு கலக்காதீர்கள். வாங்கும்போதே ரசீது கொடுங்கள், செலவுச் சீட்டுகளை நோட்டில் ஒட்டுங்கள், முகாம் முடிந்த வாரமே கணக்கைக் கூட்டத்தில் வாசியுங்கள். மீதி நூறு ரூபாயானாலும் அது என்ன ஆனது என்று அந்த நோட்டில் ஒரு வரி இருக்க வேண்டும்.