ஆப்பிள் பை: மாவு பிசைவதிலிருந்து துண்டு போடுவது வரை

ஆப்பிள் பை என்பது அடியிலும் மேலும் மாவு வைத்து, நடுவில் ஆப்பிளை நிரப்பி ஓவனில் சுடும் இனிப்பு. அது சொதப்புவது பெரும்பாலும் இரண்டு காரணங்களால்தான். ஒன்று, ஓவனுக்குள் போகும் முன்பே மாவிலிருக்கும் வெண்ணெய் இளகிவிடுவது. இரண்டு, ஆப்பிள் விடும் தண்ணீர் அடியில் தேங்கி, அடி மாவு வேகாமல் நசநசவென்று கிடப்பது. இந்த இரண்டையும் சமாளித்துவிட்டால் மற்றதெல்லாம் சில்லறைக் குறைகள். ஓரம் கோணலாக இருக்கலாம், மேல் மாவில் ஒட்டுப் போட்டிருக்கலாம், ருசியில் ஒன்றும் குறையாது. அதனால் கீழே வரும் செய்முறையில் பாதிக்கு மேல் குளிர்ச்சியைப் பற்றியும் ஈரத்தைப் பற்றியும்தான் இருக்கும்.

முதலில் நேரக் கணக்கு. கை வேலை ஒன்றரை மணி நேரம்தான். ஆனால் மாவு குளிர, ஆப்பிள் ஆற, பை வேக, வெந்தது ஆற என்று காத்திருக்கும் நேரம் அதைப்போலப் பல மடங்கு. மாவையும் ஆப்பிளையும் முதல் நாள் மாலையே தயார் செய்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, மறுநாள் காலையில் ஓவனைப் பற்றவைப்பதுதான் நிம்மதியான வழி.

தேவையானவை

இது 9 அங்குலம், அதாவது 23 செ.மீ. அகலமுள்ள பை தட்டுக்கான அளவு. எட்டுத் துண்டு வரும்.

மாவுக்கு: மைதா 320 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 225 கிராம், சர்க்கரை 1 மேசைக்கரண்டி, உப்பு 1 தேக்கரண்டி, ஐஸ் தண்ணீர் 80 முதல் 110 மி.லி. வரை.

உள்ளே வைக்க: ஆப்பிள் ஒன்றேகால் கிலோ (நடுத்தர அளவில் ஏழு இருக்கும்), சர்க்கரை 120 கிராம், எலுமிச்சைச் சாறு 1 மேசைக்கரண்டி, பட்டைத்தூள் ஒன்றரைத் தேக்கரண்டி, ஜாதிக்காய்த்தூள் கால் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, கார்ன்ஃப்ளார் 2 மேசைக்கரண்டி.

மேலே பூச: ஒரு முட்டை, 1 மேசைக்கரண்டி பால். முட்டை வேண்டாம் என்றால் பால் மட்டும் போதும்; பளபளப்பு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். கடைசியில் தூவ ஒரு கரண்டி சர்க்கரை.

மைதாவைக் கப்பில் அளக்காமல் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். அழுத்தி அள்ளினால் ஒரு கப்பிலேயே இருபது முப்பது கிராம் கூடிவிடும். கூடுதல் மாவு கூடுதல் தண்ணீரைக் கேட்கும். தண்ணீர் கூடினால் பை கடிக்கவே முடியாதபடி கெட்டியாகும்.

எந்த ஆப்பிள்?

புளிப்பும் கெட்டித்தன்மையும் உள்ள ரகம் வேண்டும். பச்சைத் தோல் உள்ள கிரானி ஸ்மித் இதற்குப் பேர்போனது. பாதி கிரானி ஸ்மித், பாதி கோல்டன் டெலிஷியஸ் அல்லது ஹனிகிரிஸ்ப் என்று கலந்தால் இன்னும் நல்லது; ஒன்று புளிப்பைத் தரும், மற்றது இனிப்பையும் மணத்தையும் தரும். சிவப்பாக அழகாக இருக்கும் ரெட் டெலிஷியஸ் வேண்டாம். பச்சையாகத் தின்ன நன்றாக இருக்கும், வேகவைத்தால் குழைந்து சப்பென்று ஆகிவிடும். கையில் என்ன ரகம் இருக்கிறது என்று தெரியாவிட்டால் ஒரு துண்டு கடித்துப் பாருங்கள். நறுக்கென்று உடைந்து, நாக்கில் லேசாகப் புளித்தால் அது ஆகும்.

படி 1: மாவு

வெண்ணெயை அரை அங்குலக் கட்டிகளாக நறுக்கி, பத்து நிமிடம் ஃப்ரீசரில் வையுங்கள். அகலமான பாத்திரத்தில் மைதா, சர்க்கரை, உப்பு மூன்றையும் கலந்துகொண்டு, அதில் வெண்ணெய்க் கட்டிகளைப் போட்டுப் புரட்டுங்கள். அப்புறம் ஒவ்வொரு கட்டியையும் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தட்டையாக நசுக்குங்கள். உள்ளங்கையைக் கொண்டுவராதீர்கள், அது சூடு. எல்லாம் ஒன்றுபோலப் பொடியாக வேண்டியதில்லை. சில கட்டிகள் பட்டாணி அளவிலும், சில தட்டையான செதில்களாகவும் கிடந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

இந்தச் செதில்களுக்காகத்தான் இத்தனை பாடு. வெண்ணெயில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு தண்ணீர் இருக்கிறது. சூடான ஓவனில் வெண்ணெய் உருகும்போது அந்தத் தண்ணீர் ஆவியாகி, மேலும் கீழும் இருக்கும் மாவை விலக்கித் தள்ளும். அப்படி விலகிய இடங்கள்தான் பிறகு அடுக்கடுக்காக உதிரும். வெண்ணெய் முன்கூட்டியே உருகி மாவோடு கலந்துவிட்டால் விலக்க ஒன்றும் இருக்காது, அடுக்கும் இருக்காது. வெண்ணெய் 32 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகிவிடும், நம் விரல் சூடே அதற்குப் போதும். நசுக்கும்போது வெண்ணெய் பளபளவென்று எண்ணெய்ப் பசையாகத் தெரிந்தால் கை கழுவிவிட்டு, பாத்திரத்தை அப்படியே பதினைந்து நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். அவசரமே இல்லை.

இப்போது ஐஸ் தண்ணீரை, ஐஸ் கட்டி விழாமல், முதலில் 80 மி.லி. தெளித்து முள்கரண்டியால் கிளறுங்கள். ஒரு பிடி எடுத்து அழுத்திப் பாருங்கள். ஒட்டி நின்றால் தண்ணீர் போதும். உதிர்ந்தால் ஒவ்வொரு மேசைக்கரண்டியாகச் சேர்க்கலாம். மாவு வழுவழுப்பாகத் திரண்டு வர வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். பார்க்க உதிரியாக, ஒழுங்கில்லாமல்தான் இருக்கும். இன்னும் கொஞ்சம் பிசையலாமே என்று கை பரபரக்கும்; அதை அடக்கத்தான் வேண்டும். பிசையப் பிசைய மைதாவிலிருக்கும் குளூட்டன் என்ற புரதம் இறுகும், பை ரப்பராகிவிடும்.

எல்லாவற்றையும் கூட்டி, ஒன்று கொஞ்சம் பெரிதாக இரண்டு உருண்டைகளாக்கி, தட்டையாக அழுத்தி, க்ளிங் ஃபிலிமில் சுற்றி, குறைந்தது ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். இந்த நேரத்தில் ஈரம் மாவு முழுக்கப் பரவும், குளூட்டன் தளரும், வெண்ணெய் மறுபடி இறுகும். இரண்டு நாள் வரைகூட வைத்திருக்கலாம்.

படி 2: ஆப்பிள்

ஆப்பிளைப் பச்சையாகவே மாவில் அடுக்கிச் சுடுபவர்கள் நிறைய. அதுவும் சரிதான், ஆனால் முதல் முறை செய்பவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். பச்சை ஆப்பிள் ஓவனுக்குள்தான் தண்ணீர் விடும், எவ்வளவு விடும் என்பது பழத்துக்குப் பழம் மாறும். போதாததற்கு, வேகும்போது ஆப்பிள் சுருங்கிக் கீழே இறங்க, மேல் மாவு மட்டும் அந்தரத்தில் நிற்கும். வெட்டினால் நடுவில் பொக்கை. அடுப்பில் கொஞ்சம் வதக்கிவிட்டால் இரண்டு தொல்லையும் நம் கண் முன்னாலேயே தீர்ந்துவிடும்.

தோல் சீவி, நடுத்தண்டை எடுத்துவிட்டு, ஒரு செ.மீ.க்குச் சற்றுக் குறைவான கனத்தில் நறுக்குங்கள். எல்லாத் துண்டும் ஏறக்குறைய ஒரே கனத்தில் இருக்கட்டும். அகலமான, அடி கனத்த பாத்திரத்தில் ஆப்பிள், சர்க்கரை, எலுமிச்சைச் சாறு, உப்பு, பட்டை, ஜாதிக்காய் எல்லாவற்றையும் போட்டுக் கிளறி, மூடி வைத்து, சிறு தீயில் 12 முதல் 15 நிமிடம் விடுங்கள். நடுவில் மூன்று நான்கு முறை மெதுவாகப் புரட்டினால் போதும். துண்டை வளைத்தால் வளைய வேண்டும், ஆனால் மசியக் கூடாது. அதுதான் பதம்.

தீயைக் கூட்டினால் சீக்கிரம் முடியுமே என்று தோன்றும். செய்யாதீர்கள். ஆப்பிளின் உருவத்தைப் பிடித்து வைத்திருப்பது பெக்டின். 60 முதல் 70 டிகிரி வரையிலான மிதமான சூட்டில் கொஞ்ச நேரம் இருந்தால் ஆப்பிளில் இருக்கும் ஒரு நொதி அந்தப் பெக்டினை இன்னும் உறுதியாக்கிவிடும். அப்படி உறுதியான துண்டு பிறகு ஓவனில் ஒரு மணி நேரம் வெந்தாலும் அவ்வளவாகக் குழையாது. எடுத்தவுடன் கொதிக்கவிட்டால் அந்த நொதி வேலை செய்யும் முன்பே செத்துவிடும்.

பதம் வந்ததும், கார்ன்ஃப்ளாரை இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். இப்போது மட்டும் தீயைச் சற்றுக் கூட்டி, ஓரமெல்லாம் குமிழியிடும் வரை கிளறினால், சாறு கண்ணாடிபோலத் தெளிந்து துண்டுகளில் ஒட்டிக்கொள்ளும். பிறகும் தண்ணீராக ஓடினால் இன்னும் ஒரு நிமிடம் கொதிக்கட்டும். ருசி பார்ப்பதும் இப்போதே. புளிப்பு போதவில்லையா, இன்னும் கொஞ்சம் எலுமிச்சை. இனிப்பு போதவில்லையா, ஒரு கரண்டி சர்க்கரை. சர்க்கரையில் இதுதான் முறை என்று ஒன்றும் கிடையாது. 14ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ஆப்பிள் பை குறிப்பு ஒன்றில் சர்க்கரை என்ற பேச்சே இல்லை, அத்திப்பழமும் உலர்திராட்சையும் பேரிக்காயும் சேர்த்துத்தான் செய்யச் சொல்கிறது.

இதை ஒரு தட்டில் பரப்பி முழுக்க ஆறவிடுங்கள். ஆறிய பிறகு ஃபிரிட்ஜில் வைத்துக் குளிர்ந்தால் இன்னும் நல்லது. வெதுவெதுப்பாகப் போட்டாலும் அடி மாவின் வெண்ணெய் இளகிவிடும், முதல் படியில் பட்ட பாடெல்லாம் வீண்.

படி 3: தேய்ப்பது

பெரிய மாவை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து ஐந்து பத்து நிமிடம் வெளியே வையுங்கள். கல்லாக இருந்தால் தேய்க்கும்போது ஓரம் வெடிக்கும். மேடையில் மாவு தூவி, பூரிக்கட்டையை எப்போதும் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக உருட்டி, ஒவ்வொரு இரண்டு தேய்ப்புக்கும் மாவைக் கால் வட்டம் திருப்புங்கள். திருப்பத் திருப்ப வட்டம் தானாக வரும், மேடையில் ஒட்டியிருந்தால் அப்போதே தெரிந்தும்விடும். 3 மி.மீ. கனம், 30 செ.மீ. அகலம் வந்தால் போதும். ஓரம் கிழிந்தால் வேறொரு துண்டு மாவை ஈர விரலால் ஒட்டிவிட்டு மேலே போங்கள்.

கட்டையில் தளர்வாகச் சுற்றி எடுத்துத் தட்டின் மேல் விரியுங்கள். மூலையில் மாவு உட்காரவில்லை என்றால் ஓரத்தைத் தூக்கி உள்ளே இறக்க வேண்டும், இழுக்கக் கூடாது. இழுத்துப் பொருத்திய மாவு ஓவனில் சுருங்கிப் பழைய இடத்துக்கே போய்விடும். தட்டை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, இரண்டாவது மாவை 28 செ.மீ. அகலத்துக்குத் தேய்த்துக்கொள்ளுங்கள்.

படி 4: சேர்ப்பது

குளிர்ந்த ஆப்பிளை அடி மாவில் நிரப்பி, நடுவில் லேசாகக் குவித்து, மேல் மாவைப் போர்த்துங்கள். தொங்கும் ஓரத்தில் இரண்டு செ.மீ. விட்டு மீதியைக் கத்தரித்துவிடலாம். இரண்டு ஓரங்களையும் சேர்த்து உள்பக்கமாக மடித்து, முள்கரண்டியால் சுற்றிலும் அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். பின்னல் வேலையெல்லாம் அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம். நடுவில் கத்தியால் நான்கைந்து கீறல் போட மறக்காதீர்கள். ஆவி வெளியேற வழி இல்லாவிட்டால் அது ஓரத்தைப் பிளந்துகொண்டு வரும்.

முழுப் பையையும் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். அதற்குள் ஓவனை 220 டிகிரி செல்சியஸில் வைத்து, கீழ்த்தட்டில் ஒரு கனமான ட்ரேயையும் உள்ளேயே சூடாக விடுங்கள். அடி மாவு வேகாத குறைக்கு அந்தச் சூடான ட்ரேதான் மருந்து. பை உட்கார்ந்த நிமிடத்திலிருந்தே கீழிருந்து சூடு ஏறும். ஓவனில் விசிறி ஓடுமானால் எல்லா அளவிலும் 20 டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடித் தட்டு என்றால் ஒரு எச்சரிக்கை: குளிர்ந்த கண்ணாடியைச் சுடும் ட்ரேயில் வைத்தால் விரிசல் விடலாம். கண்ணாடித் தட்டில் செய்பவர்கள் ட்ரேயை முன்கூட்டிச் சூடாக்காமல், தட்டையும் சற்று நேரம் வெளியே வைத்துவிட்டு உள்ளே வையுங்கள். முதல் முறைக்கு உலோகத் தட்டே நல்லது.

படி 5: சுடுவது

முட்டையையும் பாலையும் அடித்து மெல்லியதாகப் பூசி, சர்க்கரை தூவி, ஓவனில் வையுங்கள். 220 டிகிரியில் 20 நிமிடம். பிறகு 190க்குக் குறைத்து இன்னும் 35 முதல் 45 நிமிடம். ஓரம் முந்திக்கொண்டு சிவந்தால் அதற்கு மட்டும் அலுமினியம் ஃபாயில் போர்த்திவிடலாம்.

கடிகாரத்தை நம்புவதைவிடக் கண்ணை நம்புங்கள். மேல் மாவு வெளிர் மஞ்சளாக இருக்கும்போதே அழகாக இருக்கிறதே என்று எடுத்துவிடுவார்கள். அப்போது அடி பச்சையாகத்தான் இருக்கும். நல்ல பழுப்பு நிறம் வர வேண்டும். கீறல்கள் வழியே, நடுவிலும்கூட, கெட்டியான குமிழிகள் மெதுவாக எழ வேண்டும். இரண்டும் தெரிந்தால் எடுக்கலாம்.

எடுத்ததும் கம்பி ஸ்டாண்டில் வையுங்கள், மூன்று மணி நேரம் தொடாதீர்கள். வீடே மணக்கும்போது இது கஷ்டம்தான். ஆனால் கார்ன்ஃப்ளார் சேர்ந்த சாறு ஆறும்போதுதான் முழுக்க இறுகும். சூடாக வெட்டினால் துண்டு தட்டுக்கு வரும், உள்ளே இருப்பது பாத்திரத்திலேயே வழிந்து நிற்கும்.

மிச்சமானதை மூடி வைத்தால் அறைச் சூட்டில் இரண்டு நாள் இருக்கும். வெயில் காலமென்றால் முதல் நாளே ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள், நான்கு நாள் தாங்கும். மறுபடி சூடாக்க மைக்ரோவேவ் வேண்டாம், மாவு தொய்ந்துவிடும். 175 டிகிரி ஓவனில் பதினைந்து நிமிடம் வைத்தால் மொறுமொறுப்பு திரும்பி வந்துவிடும்.