பூஸ்ட் குறைந்தால் அந்த ராடைத் தொடாதீர்கள்

போன வாரம் பட்டறையில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் காருக்கு அடியில் படுத்துக்கொண்டு டர்போவின் வேஸ்ட்கேட் ராடின் நட்டைத் தளர்த்திக்கொண்டிருந்தார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். "பூஸ்ட் கம்மியா இருக்குண்ணே, ரெண்டு சுத்து ஏத்திவிட்டா சரியாயிடும்" என்றார். எனக்குத் திக்கென்றது. இருபது வருடங்களுக்கு முன் சிங்கப்பூரில், காக்கி புக்கிட் பட்டறையில் நானும் இதையே சொல்லி, இதே நட்டைத் தளர்த்தினேன்.

ஆயில் மாற்றாமல் ஓட்டுவது, கிளாம்ப்பை இறுக்க மறப்பது இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது, விட்டுவிடுகிறேன். தெரியாமலே திரும்பத் திரும்ப நடப்பதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் வேஸ்ட்கேட் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். டர்போவில், இன்ஜினிலிருந்து வெளியேறும் புகை டர்பைனைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் கம்ப்ரஸர் காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. அந்த அழுத்தம்தான் பூஸ்ட். காற்று கூடினால் புகை கூடும், புகை கூடினால் டர்போ இன்னும் வேகமாகச் சுழலும். இதற்கு ஒரு அணை வேண்டும். டர்பைனைத் தொடாமல் புகை வெளியேற ஒரு குறுக்குவழி இருக்கிறது, அதன் கதவுதான் வேஸ்ட்கேட். கதவை ஆட்டுவது ஆக்சுவேட்டர்: ஒரு டப்பா, உள்ளே டயாஃப்ரம் என்ற சவ்வு, ஒரு ஸ்பிரிங். டப்பாவையும் கதவையும் இணைக்கும் கம்பிதான் ராடு. பூஸ்ட் காற்று ஸ்பிரிங்கை வென்றதும் ராடு நகர்ந்து கதவைத் திறக்கும். இடையில் இருக்கும் சோலனாய்டு என்ற மின்வால்வு, இசியு (இன்ஜினின் கணினி) சொல்கிறபடி அந்தக் காற்றில் கொஞ்சத்தை வேறு பக்கம் விட்டுவிடும். டப்பாவுக்குக் குறைவாகப் போவதால் கதவு தாமதமாகத் திறந்து பூஸ்ட் ஏறும். ஆக, இந்த வகையில் இசியு பூஸ்டை ஸ்பிரிங்கின் அளவுக்கு மேலே ஏற்றலாம். அதற்குக் கீழே இறக்க அதனால் முடியாது.

ராடைக் குறுக்கிப் பூஸ்டை ஏற்றுவது

அன்றைக்கு வந்தது இரண்டு லிட்டர் டர்போ செடான். இழுவை இல்லை என்றார் உரிமையாளர். நான் ராடை மூன்று சுற்று குறுக்கினேன். பட்டறைக்குப் பக்கத்துச் சாலையில் ஓட்டிப் பார்த்தேன், நன்றாக இழுத்தது. அவரும் சந்தோஷமாக எடுத்துக்கொண்டு போனார்.

அந்த வார இறுதியில் ஈப்போவுக்குக் குடும்பத்தோடு கிளம்பியிருக்கிறார். யோங் பெங் தாண்டி ஒரு ஏற்றத்தில் லாரியை முந்த முழுவதுமாக மிதித்திருக்கிறார். டக்கென்று ஒரு சத்தம், பின்னால் நீலப் புகை. கம்ப்ரஷன் பார்த்தபோது மூன்றாவது சிலிண்டரில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. பிஸ்டனைக் கழற்றினால், ரிங் உட்காரும் விளிம்பு விரல்நகம் அளவுக்கு உடைந்திருந்தது.

மூன்று சுற்றில் என்ன ஆகிவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். அந்த ராடில் இருந்தது சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டர் நகரும் மரை, அதனால் மூன்று சுற்று என்றால் மூன்று மில்லிமீட்டர். பல சின்ன டர்போக்களில் ராடின் மொத்த ஓட்டமே சுமார் ஒரு சென்டிமீட்டர்தான். ராடைக் குறுக்கினால் கதவு அழுத்தமாக மூடும், தாமதமாகத் திறக்கும். கூடவே ஸ்பிரிங் முன்கூட்டியே அமுங்கிவிடுவதால் கதவு முழுதாகத் திறக்கவும் முடியாது. குறைந்த சுழற்சியில் இது தெரியாது. இன்ஜின் நிமிடத்துக்கு 5,000 சுற்றைத் தாண்டும்போது அவ்வளவு புகையும் அந்த அரைக்கதவு வழியே போக முடியாமல் டர்பைனுக்கே திரும்பும். பூஸ்ட் நிற்காமல் ஏறிக்கொண்டே போகும். அந்த அழுத்தத்தில்தான் பிஸ்டன் உடைந்தது. நான் ஓட்டிப் பார்த்த தெருவில் 3,500-க்கு மேல் போக வழியே இல்லை.

இதைவிட எனக்கு இன்றைக்கும் ஆறாதது வேறு. உண்மையான கோளாறு வேஸ்ட்கேட்டில் இல்லவே இல்லை. அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸில், கிளாம்ப்புக்கு அடியில் ஒரு கீறல். சும்மா இருக்கும்போது மூடியிருக்கும், அழுத்தம் ஏறினால் வாய் திறக்கும். ஹோஸை மாற்றியிருந்தால் அரை மணி நேர வேலை. காரை வைத்திருக்க இங்கே வாங்கவேண்டிய உரிமைச் சான்றிதழில் (சிஓஇ) இன்னும் மூன்று வருடம் பாக்கி இருந்தது. இன்ஜினைப் பிரித்துக் கட்டினோம். பாதிச் செலவை நான் ஏற்றுக்கொண்டேன்.

ராடு இருப்பது கதவைச் சரியாக மூடவைக்க, பூஸ்டை ஏற்ற இல்லை. பூஸ்ட் குறைவு என்று கார் வந்தால் முதலில் காற்றுப் பாதையை அடைத்து, அளவோடு காற்று ஏற்றி, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். பிறகு கேஜ் உள்ள கைப்பம்பை ஆக்சுவேட்டரில் மாட்டி, ராடில் டயல் கேஜ் வையுங்கள். எந்த அழுத்தத்தில் ராடு அசையத் தொடங்குகிறது, எதில் முழுதாக நகர்கிறது என்று குறித்துக்கொண்டு சர்வீஸ் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். பம்பு அடித்து நிறுத்தியதும் முள் இறங்கினால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. கடகடவென்ற சத்தத்தை அடக்க ராடை இறுக்குவதும் இதே தவறுதான். அங்கே தேய்ந்திருப்பது கதவின் தண்டு சுழலும் வளையம், அதாவது புஷ்.

ஹோஸ் கழன்றால் என்ன ஆகும் என்று ஊகிப்பது

எந்த வகை ஆக்சுவேட்டர் என்று பார்க்காமல் பேசக் கூடாது. பூஸ்ட் காற்றால் திறக்கும் வகையில் ஆக்சுவேட்டருக்குப் போகும் ஹோஸ் கழன்றால் கதவு மூடியே கிடக்கும், பூஸ்ட் எகிறும், ஸ்கேனரில் பி0234 (பூஸ்ட் அதிகம்) என்ற பிழை எண் வரும். வெற்றிடத்தால் மூடும் வகையில் அதே ஹோஸ் கழன்றால் கதவு திறந்தே கிடக்கும், கார் இழுக்காது, பி0299 (பூஸ்ட் குறைவு) வரும். பிழை எண்ணைப் பார்த்து டர்போவையே மாற்றச் சொன்ன ஒரு காரில் நான் மாற்றியது ஒரு சாண் நீள வெற்றிட ஹோஸ்தான்.

ஸ்கேனர் காட்டும் எண்ணை அப்படியே பூஸ்ட் என்று படிப்பது

இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பிப் பாருங்கள். ஸ்கேனர் காற்றழுத்தத்தை 100 கிலோபாஸ்கலை ஒட்டிக் காட்டினால் அது வெளிக்காற்றையும் சேர்த்த கணக்கு. நம் ஊரில் புக்கிட் தீமா உச்சியே 164 மீட்டருக்குள்தான், ஆகவே எங்கே நின்று பார்த்தாலும் அந்த எண் பெரிதாக மாறாது. ஓடும்போது 190 என்றால் பூஸ்ட் 90. இதைக் கழிக்காமல் "ரெண்டு பார் ஏறுதுண்ணே" என்று பயந்து ஓடிவந்தவர்கள் உண்டு.

மின் ஆக்சுவேட்டர்

கதவை மின்மோட்டார் ஆட்டும் வகை இது. புதிதாக மாட்டியதும் கதவின் நிலையை ஸ்கேனர் வழியாக இசியுவுக்குக் கற்பிக்காமல் காரை வெளியே விடாதீர்கள்.

புளோ-ஆஃப் வால்வும் வேஸ்ட்கேட்டும் ஒன்று என்று நினைப்பது

புளோ-ஆஃப் வால்வு அழுத்திய காற்றை வெளியே விடுவது, அது காற்றுப் பக்கம். வேஸ்ட்கேட் புகைப் பக்கம்.