கியோட்டோ வீட்டுச் சமையல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜப்பானின் கியோட்டோ நகர வீடுகளில் அன்றாடம் சமைக்கும் எளிய பதார்த்தங்களை ஒபன்சாய் என்பார்கள். பொரித்த டோஃபு (சோயா பனீர்) போட்டு வேகவைத்த கீரை, கத்தரிக்காய், முள்ளங்கி என்று பார்க்க ரொம்பச் சாதாரணமாக இருக்கும். வீட்டில் செய்து பார்த்துவிட்டு, "சப்பென்று இருக்கிறது" என்று விட்டுவிடுகிறவர்கள் அதிகம். காய்மீது பழி போடாதீர்கள். பெரும்பாலும் கோளாறு தாஷியில்தான் இருக்கும்.

வடக்கே ஹொக்கைடோ தீவிலிருந்து வரும் கொம்பு என்ற காய்ந்த கடற்பாசியும், சூரை மீனைப் புகையூட்டி உலர்த்திச் சீவிய கட்சுவோபுஷியும் சேர்ந்த சாறுதான் தாஷி. நம் மாசிக்கருவாடும் இதே மீன்தான், செய்முறையும் கிட்டத்தட்ட அதுவே. முதல் தவறு, கொம்புவைக் குழாயடியில் தேய்த்துக் கழுவுவது. மேலே வெள்ளையாகப் படிந்திருப்பது அழுக்கு இல்லை, ருசியில் அதற்கும் பங்கு உண்டு. ஈரத்துணியால் லேசாகத் துடைத்தாலே போதும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் போட்டு அரை மணி நேரம் ஊறவிட்டு, அப்புறம் சிறு தீயில் வையுங்கள். பாத்திரத்தின் அடியில் பொடிக் குமிழிகள் வரும்போதே கொம்புவை எடுத்துவிட வேண்டும். கொதித்தால் வழவழப்பும் பாசி வாடையும் இறங்கிவிடும். பிறகு தண்ணீரைக் கொதிக்கவிட்டு அடுப்பை அணைத்து, மீன் சீவலைப் போடுங்கள். அது அடியில் தங்கியதும் வடிகட்டுங்கள், பிழியாதீர்கள். பிழிந்தால் சாறு கலங்கி, கசப்பு ஏறும்.

சக்கையைக் குப்பையில் போடுவதும் தவறுதான். கொம்புவைப் பொடியாக நறுக்கி சோயா சாஸிலும் மிரின் என்ற இனிப்பான அரிசி மதுவிலும் சுண்டவைத்தால் சோற்றுக்கு அருமையான தொடுகறி. வீணாக்காமல் சமைப்பது ஒபன்சாயின் உயிர்.

சோயா சாஸிலும் பலர் ஏமாறுகிறார்கள். காயின் நிறம் கெடாமலிருக்க கியோட்டோவில் உசுகுச்சி என்ற வெளிர்நிற வகையை ஊற்றுவார்கள். நிறம் குறைவு என்பதால் உப்பும் குறைவு என்று நினைத்து அள்ளி ஊற்றிவிடாதீர்கள். வழக்கமான சோயா சாஸைவிட இதில்தான் உப்பு அதிகம். மிசோ சூப்பில், மிசோ என்ற புளிக்கவைத்த சோயா விழுதைக் கடைசியில் கரைத்து, கொதி வருமுன் இறக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் வாசனை போய்விடும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தட்டில் கீரையும் டோஃபுவும் மட்டும் தெரிகிறது என்று சைவம் என முடிவுகட்டாதீர்கள், வெந்த சாறு மீன் தாஷியாக இருக்க வாய்ப்பு அதிகம். "மீன் தாஷி சேர்த்திருக்கிறதா?" என்று கேட்டே சாப்பிடுங்கள். புத்த கோயில்களின் ஷோஜின் என்ற சைவ உணவில் கொம்புவும் காய்ந்த ஷீட்டாகே காளானும் போட்டுத் தாஷி எடுப்பார்கள். வீட்டிலும் அப்படியே செய்யலாம், ருசி குறையாது.

சரி, நேரில் போகிறவர்களுக்கு. நிஷிகி சந்தை ஏறக்குறைய 400 மீட்டர் நீளமுள்ள ஒடுக்கமான தெரு, இருபுறமும் நூற்றுக்கும் மேற்பட்ட கடைகள். குச்சியில் செருகிய பலகாரத்தைக் கடித்தபடி நடந்து போகாதீர்கள், அங்கே அதை விரும்புவதில்லை. வாங்கிய கடையிலேயே நின்று சாப்பிட்டு, குச்சியையும் அங்கேயே கொடுத்துவிடுங்கள். உட்கார்ந்து சாப்பிடும் இடத்தில் சோற்றில் சாப்ஸ்டிக்கைக் குத்தி நிறுத்த வேண்டாம், இறந்தவருக்குப் படைக்கும் சோற்றில்தான் அப்படிச் செருகுவார்கள். ஊறுகாய்க் கடைகளில் சுகுகி கிடைத்தால் வாங்கிப் பாருங்கள். டர்னிப்பை உப்பில் புளிக்கவைத்தது, காரமே இருக்காது. நம் ஊறுகாயை நினைத்துக்கொண்டு மிளகாய்ப்பொடி தூவாமல், மெல்லிசாக நறுக்கிச் சுடுசோற்றோடு சாப்பிடுங்கள்.