எந்த ஊசி எந்த ட்ரிப்ஸில்? வார்டுக்குப் புதிதாக வரும் நர்ஸ்களுக்கு

பென்னாகரமோ அரூரோ தேன்கனிக்கோட்டையோ, எங்கே வேலைக்குச் சேர்ந்தாலும் நைட் டியூட்டியில் நீங்களே ஊசி மருந்தை ட்ரிப்ஸில் கலக்க வேண்டி வரும். ஸ்டாண்டில் ஏற்கெனவே ஒரு பாட்டில் ஓடிக்கொண்டிருக்கும். அதிலேயே போட்டுவிடலாம் என்று கை போகும். கொஞ்சம் நில்லுங்கள்.

முதலில் பாட்டில் லேபிளைப் படியுங்கள். என்.எஸ். என்றால் 0.9 சதவீத உப்புக் கரைசல். டி5 என்றால் 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், அதாவது சர்க்கரைக் கரைசல். டி.என்.எஸ்.ஸில் இரண்டும் உண்டு; பெயரில் என்.எஸ். இருப்பதால் வெறும் சலைன் என்று எடுத்துவிடாதீர்கள். ஆர்.எல்., அதாவது ரிங்கர் லாக்டேட்டில் கால்சியம் இருக்கிறது. இதை மனதில் வையுங்கள்.

அடுத்து மருந்து. வயல் என்னும் சிறு குப்பியில் பவுடராக வரும் மருந்தை முதலில் கரைக்க வேண்டும், அப்புறம்தான் பாட்டிலில் சேர்க்க வேண்டும். நம் பக்கம் அடிக்கடி தேவைப்படும் பாம்புக்கடி மருந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வயலுக்கு 10 மி.லி. ஸ்டெரைல் வாட்டர். வேகமாகக் குலுக்கினால் நுரை கட்டும். உள்ளங்கையில் வைத்து மெதுவாகச் சுழற்றுங்கள். கரைந்த பிறகு என்.எஸ்., டி5 இரண்டில் எதிலும் சேர்க்கலாம்.

எல்லா மருந்தும் இப்படி இரண்டையும் ஏற்காது. வலிப்புக்குப் போடும் ஃபெனிடாயின் என்.எஸ்.ஸில் மட்டும்தான். அந்த மருந்தின் பி.எச்., அதாவது அமில-கார அளவு, 12 அளவில் இருக்கும். அந்தக் காரத்தன்மையில்தான் அது கரைந்தே நிற்கிறது. டெக்ஸ்ட்ரோஸ் அமிலப் பக்கம். அதில் விட்டால் பி.எச். இறங்கி, மருந்து படிகமாகப் பிரிந்துவிடும். கரைசல் பால் திரிந்த மாதிரி கலங்கும். வலிப்பில் துடிக்கிறவருக்கு மருந்தும் சேராது, ஊசி வழியும் அடைத்துக்கொள்ளும். என்.எஸ்.ஸில் கலந்தாலும் நேரம் போனால் படியும்; கலந்தவுடன் ஏற்றிவிடுங்கள். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 50 மி.கி.க்கு மேல் வேகம் கூடாது.

இதற்கு நேர் எதிர், பூஞ்சைத் தொற்றுக்குப் போடும் ஆம்ஃபோடெரிசின் பி. அதற்கு டி5 தான், சலைன் பட்டால் படியும். இதயத் துடிப்பைச் சீராக்கும் அமியோடரோனுக்கும் டி5.

செஃப்ட்ரையாக்சோன் என்னும் ஆன்டிபயாடிக்கை ஆர்.எல்.லில் கலக்கவே கூடாது. கால்சியத்தோடு சேர்ந்து படிவு உண்டாகும். பிறந்து 28 நாளுக்குள் இருக்கும் குழந்தைக்குக் கால்சியம் உள்ள ட்ரிப்ஸ் ஓடினால் அந்த மருந்தே வேண்டாம். நுரையீரலிலும் சிறுநீரகத்திலும் படிவு சேர்ந்து குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். ரத்தம் ஏற்றும் செட்டிலும் ஆர்.எல். கூடாது. ரத்தப் பையில் உறையாமல் இருக்கச் சேர்த்த சிட்ரேட்டைக் கால்சியம் செயலிழக்க வைத்துவிடும்.

சேர்த்ததும் பாட்டிலை இறக்கி, பலமுறை கவிழ்த்துக் கலக்குங்கள். பொட்டாசியம் குளோரைடு என்றால் இதில் ரொம்பக் கவனம். தொங்கும் பாட்டிலில் அப்படியே விட்டால் அடியில் தங்கி, மொத்தமாக முதலில் இறங்கும், இதயம் நின்றுபோகும். பிறகு பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கலங்கல், துகள், நிற மாற்றம் எது தெரிந்தாலும் ஏற்றாதீர்கள். தெளிவாக இருப்பதும் முழு உத்தரவாதம் இல்லை: ஆம்பிசிலின் டெக்ஸ்ட்ரோஸில் கண்ணுக்குத் தெரியாமலே வீரியம் இழக்கும். ஆகவே பெட்டிக்குள் இருக்கும் தாளைப் பாருங்கள், சந்தேகம் வந்தால் மருந்தாளுநரையோ டாக்டரையோ எழுப்பிக் கேளுங்கள். தூக்கம் கெடுகிறதே என்று தயங்கவே வேண்டாம்.

ஒரே லைனில் இரண்டு மருந்து போக வேண்டுமானால் நடுவில் இரண்டுக்கும் ஒத்துப்போகும் திரவத்தால் லைனைக் கழுவுங்கள். சோடியம் பைகார்பனேட்டும் கால்சியம் குளுக்கோனேட்டும் குழாயிலேயே சந்தித்தால் சுண்ணாம்புப் படிவாகிவிடும். கடைசியாக மருந்தின் பெயர், அளவு, கலந்த நேரம் மூன்றையும் பாட்டிலில் எழுதி ஒட்டுங்கள். காலை டியூட்டிக்கு வரும் அக்கா அதைப் பார்த்துத்தான் அடுத்த மருந்தை எடுப்பார்.