மலையில் குண்டின் வேகத்தை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏர் ரைஃபிள் எனும் காற்றுத் துப்பாக்கியில் பயிற்சி எடுக்கும் பிள்ளைகளின் பெற்றோர், குண்டின் வேகத்தை அளக்கும் கருவியான குரோனோகிராஃபைப் பற்றி என்னிடம் கேட்பது பெரும்பாலும் "எந்த குரோனோகிராஃப் வாங்கலாம்?" என்பதுதான். வாங்கிய கருவியை எங்கே, எந்த வெளிச்சத்தில் நிறுத்த வேண்டும் என்று கேட்பவர்கள் குறைவு. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி போன்ற மலை ஊர்களில் இந்த இரண்டாவது கேள்விதான் முக்கியமானது என்பது பல ஆண்டுகள் இந்தக் கருவியோடு பழகியதில் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்று.

ஒளியைக் கொண்டு அளக்கும் சாதாரண குரோனோகிராஃபில் முன்னும் பின்னுமாக இரண்டு சென்சார்கள் உள்ளன. மேலே பறக்கும் பெல்லட்டின், அதாவது காற்றுத் துப்பாக்கிக் குண்டின், நிழல் முதல் சென்சாரில் விழுந்ததும் கடிகாரம் ஓடத் தொடங்கி, இரண்டாவதில் விழுந்ததும் நிற்கிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை அந்த நேரத்தால் வகுத்தால் வேகம் கிடைக்கிறது. சென்சார்களின் இடைவெளி 30 சென்டிமீட்டர் என்றால், வினாடிக்கு 175 மீட்டர் வேகத்தில் செல்லும் பெல்லட் அதைக் கடக்க 1.7 மில்லி வினாடியே ஆகிறது. கருவி உண்மையில் அளப்பது நேரத்தை மட்டுமே. தூரத்தை அது அளப்பதில்லை, தன் இடைவெளி இவ்வளவுதான் என்று நம்பிக்கொள்கிறது. மடிக்கும் வகைக் கருவியை முழுவதும் விரிக்காமல் விட்டு 3 மில்லிமீட்டர் குறைந்தாலும் கணக்கில் ஒரு சதவீதம் பிசகிவிடும், திரையில் வரும் எண்ணோ எப்போதும்போல் தெளிவாகவே இருக்கும்.

அடிக்கடி நேரும் தவறு வெளிச்சத்தைப் பற்றியது. சில ஆண்டுகளுக்கு முன் ஊட்டிப் பக்கத்துச் சுடுதளம் ஒன்றில், சில்வர் ஓக் மரத்தடி நிழல்தான் கண்ணுக்கு இதமாக இருக்கிறது என்று எண்ணி, கருவி பொருத்திய முக்காலியை அங்கே நிறுத்தினேன். முதல் மூன்று சூடுகள் 171, 172, 171 என்று வந்தன. நான்காவது 412 என்றது. ஐந்தாவதற்கு எண்ணே வரவில்லை. பெல்லட் குழலில் எங்கோ சிக்குகிறது என்று முடிவு செய்து, துப்பாக்கியைக் கழற்றத் திருப்புளியை எடுத்துவிட்டேன். அப்போது அருகில் நின்ற மூத்த பயிற்சியாளர், "தம்பி, அதைக் கீழ வை. முதல்ல வெயில் எங்க விழுதுன்னு பாரு" என்றார். குனிந்து பார்த்தேன். காற்றில் இலைகள் அசைய அசைய, ஐந்து ரூபாய் நாணயம் அளவிலான ஒரு வெயில் பொட்டு பின் சென்சாரின் மேல் வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. சென்சாருக்கு அந்த வெயில் பொட்டும் பெல்லட்டின் நிழலும் ஒன்றுதான்.

ஆகவே மரநிழலின் புள்ளி வெளிச்சத்தில் கருவியை நிறுத்தாதீர்கள். ஒரே சீராக மேகம் மூடிய வானமே இதற்கு மிகவும் ஏற்றது. அந்த வகையில் மலைவாழ்வோர் கொடுத்து வைத்தவர்கள். வெயில் நேரத்தில், கருவியோடு தரப்படும் வெள்ளை பிளாஸ்டிக் கூரைகளைச் சென்சார்களுக்கு மேல் கட்டாயம் பொருத்த வேண்டும். மூடுபனி ஏறி வரும்போது அளவெடுப்பதை நிறுத்திவிடுவது நல்லது, ஏனென்றால் சில நிமிடங்களுக்குள் வெளிச்சம் முழுவதும் மாறிவிடுவதோடு, நுண்ணிய நீர்த்துளிகள் சென்சார் கண்ணாடியிலும் படிந்துவிடும். உள்ளரங்கில் குழல் விளக்கின் கீழ் அளப்பதும் தவறு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அத்தகைய விளக்குகள் வினாடிக்கு 100 முறை மினுங்கக்கூடும். கண்ணுக்குப் புலப்படாத அந்த மினுக்கம் சென்சாரை ஏமாற்றிவிடும். உள்ளரங்கிற்கென அகச்சிவப்பு விளக்குகளோடு வரும் வகையை அங்கே பயன்படுத்தலாம்.

அடுத்தது, குழலுக்கும் கருவிக்கும் உள்ள நேர்க்கோடு. பெல்லட் கருவிக்கு மேல் சாய்வாகப் போனால் அது கடக்கும் தூரம் கூடி, வேகம் குறைத்துக் காட்டப்படும்: 5 டிகிரி சாய்வில் இது அரை சதவீதத்துக்கும் குறைவு, 10 டிகிரியில் ஏறத்தாழ ஒன்றரை சதவீதம். அதைவிடப் பெரிய ஆபத்து, குறிபார்க்க உதவும் தொலைநோக்கியான ஸ்கோப்பால் வருகிறது. ஸ்கோப் குழலுக்கு நாலைந்து சென்டிமீட்டர் மேலே இருப்பதால், அதன் வழியே பாதை தெளிவாகத் தெரிந்தாலும் குழல் கருவியின் முகப்பையே பார்த்துக்கொண்டிருக்கக்கூடும். கருவியைச் சுட்டு உடைத்தவர்களில் பலரும் இப்படித்தான் உடைத்திருக்கிறார்கள். குண்டேற்றாத துப்பாக்கியைத் தாங்கியில் வைத்து, குழல் முனையிலிருந்து இலக்குவரை ஒரு நூலைக் கட்டி, அந்த நூல் இரு சென்சார்களின் நடுவே, அவற்றிலிருந்து ஒரு சாண் உயரத்தில் போகிறதா என்று பார்த்துவிடுங்கள். இலக்கின் பின்னால் பெல்லட்டைத் தாங்கும் பெட்டியும், சுடுபவர் கண்ணில் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் ஒரு சூடுகூட வேண்டாம்.

தூரத்திலும் கவனம் தேவை. கருவியைக் குழல் முனைக்கு மிக அருகில் வைத்தால், பெல்லட்டுக்கு முன்பாக வெளியேறும் காற்று வீச்சே முதல் சென்சாரைத் தூண்டிவிடலாம். காற்றுத் துப்பாக்கிக்கு ஒரு மீட்டர் அளவு போதும். வெடிமருந்துத் துப்பாக்கிக்கு 3 முதல் 5 மீட்டர் வேண்டும். எத்தனை மீட்டரில் அளந்தோம் என்பதைக் குறித்துவைக்கத் தவறக்கூடாது, ஏனென்றால் தட்டைமுனைப் பெல்லட் ஒவ்வொரு மீட்டருக்கும் வினாடிக்கு ஏறத்தாழ 2 மீட்டர் வேகத்தை இழக்கிறது.

ரேடியோ அலைகளைக் கொண்டு அளக்கும் ரேடார் வகைக் குரோனோகிராஃபுக்கு இந்த வெளிச்சத் தொல்லை இல்லை. லேப்ரேடார், 2023இல் வந்த கார்மின் ஸீரோ போன்றவை குழலுக்குப் பக்கத்தில் இருந்தபடியே அளக்கும். அதனால் சுட்டு உடைக்கும் அச்சமும் இல்லை. மூடுபனி மிகுந்த ஊருக்கு, கையில் பணம் இருந்தால், என் தேர்வு ரேடார்தான். ஆனால் அதை இலக்கை நோக்கிச் சரியாகத் திருப்பிவைக்க வேண்டும். ஓசையைக் கேட்டு விழித்துக்கொள்ளும் வகை, சத்தம் குறைந்த காற்றுத் துப்பாக்கிக்கு விழிக்காமல் போகலாம். குழலிலேயே கட்டிக்கொள்ளும் வகையை வாங்குவோர், அதன் எடையால் குண்டு விழும் இடம் மாறும் என்பதை மறந்து, அதே சூடுகளைக் கொண்டு குறியையும் சரிபார்க்கிறார்கள். இரண்டையும் ஒன்றாகச் செய்யக்கூடாது.

பெட்டியில் அச்சிட்ட வேகம் வரவில்லை என்று துப்பாக்கியைக் குறை சொல்வதும் பரவலாக நடக்கிறது. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது; இங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். ஸ்பிரிங் துப்பாக்கி சுற்றியுள்ள காற்றையே உள்ளிழுத்து அமுக்குவதால், அதற்குக் கிடைக்கும் காற்றே குறைவு. குழல் முனையில் பெல்லட்டின் வேகமும் குறைகிறது. வெளியே வந்த பெல்லட்டுக்கோ தடை குறைவு, எனவே பறக்கும்போது அது இழக்கும் வேகமும் குறைவு. கார்பன் டை ஆக்சைடு துப்பாக்கியை வெப்பநிலை ஆட்டிவைக்கிறது: 30 டிகிரியில் 72 பார் (அழுத்தத்தின் அலகு) அளவுக்கு இருக்கும் அழுத்தம் 10 டிகிரியில் 45 பார் ஆகிவிடும். கோயம்புத்தூரில் ஏப்ரலில் எடுத்த அளவையும் இங்கே ஜனவரியில் எடுத்த அளவையும் அருகருகே வைத்துப் பார்த்துப் பயனில்லை. அழுத்திய காற்றை உருளையில் சேமிக்கும் வகையை உயரம் அவ்வளவாகப் பாதிப்பதில்லை.

வேகத்தை அளப்பதற்குச் சட்டம் சார்ந்த காரணமும் உண்டு. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, காற்றுத் துப்பாக்கியின் ஆற்றல் 20 ஜூல் (ஆற்றலின் அலகு) என்ற அளவையோ குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டரையோ தாண்டினால் உரிமம் வேண்டும். பெல்லட்டின் எடையை கிலோகிராமில் எடுத்து, வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கிப் பாதியாக்கினால் ஜூல் கிடைக்கும்: 0.53 கிராம் பெல்லட் 170 மீட்டர் வேகத்தில் 7.7 ஜூல், அதே பெல்லட் 275 மீட்டரைத் தொட்டால் 20 ஜூல் அளவைத் தாண்டிவிடும். இங்கே அடியையும் மீட்டரையும் குழப்பிக்கொண்டால் கணக்கே தலைகீழாகும். ஒரு மீட்டர் 3.28 அடி என்பதால், திரையில் 570 என்று வந்தால் அது அடிக்கணக்கு, மீட்டரில் 174தான்.

மூன்று சூட்டின் சராசரியை வைத்துப் பெல்லட்டைத் தேர்ந்தெடுக்காதீர்கள். குறைந்தது பத்து, முடிந்தால் இருபது சூடுகளின் சராசரியோடு வீச்சையும் (மிக அதிக வேகத்துக்கும் மிகக் குறைந்த வேகத்துக்கும் உள்ள வேறுபாடு) திட்ட விலக்கத்தையும் (வேகங்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு) சேர்த்துப் பாருங்கள்.

கடைசியாக, உறைபனி மாதங்களில் பேட்டரி எளிதில் சோர்ந்துவிடும். சோர்ந்த பேட்டரி கருவியை உடனே நிறுத்தாமல் சில நேரம் பொருந்தாத எண்களைக் காட்டவைக்கும். டிசம்பர் காலைகளில் மாற்றுப் பேட்டரியைச் சட்டைப்பையின் சூட்டில் வைத்திருக்கிறேன். வெளியே குளிர்ந்த கருவியை வெதுவெதுப்பான அறைக்குள் கொண்டுவந்தால் கண்ணாடியில் ஈரம் படியும். அது தானாக உலரும்வரை பொறுத்திருந்து, மெல்லிய துணியால் ஒற்றி எடுத்த பின்பே முதல் சூட்டைச் சுடுகிறேன்.