வட்டார அரசியலில் குடியிருப்பாளர் சங்கங்கள் சறுக்கும் இடங்கள்

கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் தொடர்மாடிகளிலும் ஒழுங்கைகளிலும் தூங்கிக் கிடக்கும் சங்கங்களுக்கு மாநகர சபைத் தேர்தல் வந்தால் உயிர் வரும். வேட்பாளரைக் கூப்பிட்டு மாலை போட்டு, மனுவைக் கையில் கொடுத்துப் படம் எடுப்பதோடு பலருக்கு அரசியல் முடிந்துவிடும்.

முதலில் சறுக்குவது வாக்காளர் இடாப்பில். குடியிருப்பது இங்கே, வாக்கு யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ. நீங்கள் நீட்டும் மனுவில் கையெழுத்து வைத்தவர்களில் யார் யாருக்கு இந்த வட்டாரத்தில் வாக்கு என்று வேட்பாளரின் ஆட்கள் இடாப்பைப் புரட்டிப் பார்ப்பார்கள். பாதிப் பெயர் இல்லையென்றால் மனு மேசையோடு சரி. ஆண்டுதோறும் இடாப்புத் திருத்தும் நேரத்தில், கிராம உத்தியோகத்தரிடம் பதிவைச் சரிபார்க்கும்படி வீடு வீடாகச் சொல்ல வேண்டும். ஊர் வாக்கை விட மனமில்லாதவர்களை வற்புறுத்தாதீர்கள். அது அவரவர் கணக்கு.

தலைவரே வேட்பாளராவது இன்னொரு வில்லங்கம். சபை ஆசனங்களில் 60 வீதம் வட்டாரத்துக்கு, 40 வீதம் கட்சிப் பட்டியலுக்கு. விருப்பு வாக்கு கிடையாது, ஒரே புள்ளடிதான். "தோற்றாலும் பட்டியலில் போடுகிறோம்" என்று ஆசை காட்டுவார்கள். போகட்டும், ஆனால் சங்கப் பதவியை விட்டுவிட்டுப் போகட்டும். இல்லையேல் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் கட்சி நோட்டீஸ்தான் ஓடும். வென்றது மற்றக் கட்சி என்றால், அடுத்த நான்கு வருடம் உங்கள் கடிதத்தை யார் பிரிப்பார்?

கடிதம் என்றதும், காலி வீதிப் பள்ளம், தண்ணீர்க் குழாய், அடைத்த கான் (வடிகால்) எல்லாவற்றையும் ஒன்றாக எழுதி மாநகர சபை உறுப்பினரிடம் கொடுக்கிறார்கள். காலி வீதி, வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையது; குடிநீர், நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையுடையது. ஒழுங்கைக் கானும் குப்பையும்தான் மாநகர சபைக்கு. ஒரு கடிதத்தில் ஒரு விஷயம். கான் அடைத்த இடத்துக்குப் பக்கத்து வீட்டு இலக்கம், திகதி, படம். பிரதியில் 'கிடைத்தது' முத்திரை. தமிழில் எழுதித் தமிழிலேயே பதில் கேட்க அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை இடம் தருகிறது. பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 14 வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லியாக வேண்டும்.

உறுப்பினரை மட்டும் நம்புவதும் ஆபத்து. 2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்தபின், 2025 மே 6 தேர்தல் வரை மாநகர சபையில் தெரிவான உறுப்பினரே இல்லை, ஆணையாளர்தான் நடத்தினார். அந்த இரண்டு வருடமும் கான் அடைக்காமலா இருந்தது? உங்கள் பகுதிக்குப் பொறுப்பான மாநகர சபைப் பொறியியலாளரின் அலுவலகம் எங்கே என்று செயலாளருக்காவது தெரிந்திருக்கட்டும்.